நெடும்பயணமும் எஞ்சின் வெப்பமும்

தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் நாகபுரியிலும் அகமதாபாத்திலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழ்ந்துவரும் நம்மவர்களுள் மோட்டார் சைக்கிளிலேயே நெடுந்தூரப் பிரயாணம் செய்வோர் பலர் உளர். கோடை விடுமுறை வந்தால் போதும். மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் நோக்கிப் புறப்பட்டுவிடுவார்கள். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகின்ற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாகபுரி, ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை ஆகிய நகரங்களை இணைத்துச் செல்வது இவர்களுக்குப் பெரும் வசதி. ஆயினும், விடுமுறைக் காலமும் வெயிற்காலமும் நம் நாட்டில் ஒன்றாகவே வருகின்றன. மேலே சூரியன் காய்கிறது. கீழே எஞ்சின் காய்கிறது. இரண்டுக்கும் நடுவே மனிதன் அமர்ந்திருக்கிறான்.

இதைச் சிறு தொல்லை என்று பலர் பொறுத்துக்கொள்கின்றனர். அவ்வாறு கருதுவது சரியன்று. முழங்காலும் தொடையும் மணிக்கணக்கில் சூட்டில் வாடினால் உடல் நீரை இழக்கிறது. உடல் சோர்ந்தால் கவனம் தளர்கிறது. கவனம் தளர்ந்தவன் எதிரே வரும் லாரியின் வேகத்தைத் தவறாகக் கணிக்கிறான். பெட்ரோல் தொட்டியின்மேல் குழந்தையை உட்கார வைத்து ஓட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. தொட்டியின் அடியிலிருந்து எழும் அனல் முதலில் அந்தக் குழந்தையைத்தான் தாக்குகிறது. ஆகவே, எஞ்சினின் வெப்பம் ஓட்டுபவரைச் சென்று சேராதபடி தடுக்கும் வழிகளை ஆராய்வது அவசியமாகிறது.

முதலில், இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் சக்தி அடங்கியுள்ளது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடும் வண்டி, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 2 லிட்டர் பெட்ரோலை எரிக்கும். இதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி முழுவதும் வெப்பமே. அதன் அளவு சுமார் 13 கிலோவாட்டு ஆகும். அதாவது, ஆயிரம் வாட்டு மின்னடுப்புகள் பதின்மூன்றை நம் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு போகிறோம் என்று சொல்லலாம்.

இந்த வெப்பத்தை ஒழித்துவிட முடியாது. எஞ்சின் பழுதாகாமல் இருக்கவேண்டுமானால் அது வெளியே வந்தே தீரவேண்டும். நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: அது வெளியேறும் வழி நம்மீது படாதவாறு பார்த்துக்கொள்வது. இந்த அடிப்படையை மறவாதிருந்தால், எந்த முயற்சி பயன் தரும், எது வீண் என்பதை நாமே தெரிந்துகொள்ளலாம்.

வெப்பம் மூன்று வழிகளில் நம்மை அடைகிறது. சூடான பொருளைத் தொடுவதால் வருவது ஒன்று. இருக்கையின் அடிப்பாகமும் தொட்டியின் பக்கங்களும் இவ்வாறு சுடுகின்றன. எஞ்சினைத் தழுவி வரும் காற்று சூடேறி நம்மீது வீசுவது இரண்டாவது. அடுப்பின் முன் நின்றால் முகத்தில் உறைப்பதைப்போல, காற்றின் துணையின்றி நேரே பாய்ந்து வரும் கதிர்வீச்சு மூன்றாவது. சுமை மிகுந்த ஓட்டத்தில் எஞ்சினிலிருந்து புறப்படும் சைலன்ஸர் குழாயின் முன்வளைவு 300 டிகிரிக்கும் மேலாகச் சூடேறுவதுண்டு. கதிர்வீச்சின் தலைமை இடம் அதுவே.

உங்கள் வண்டியில் எந்த வழி பெரிது என்று அறிய எளிய சோதனை உண்டு. வண்டி நிற்கையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, காலுக்கும் குழாய்க்கும் நடுவே, குழாயில் படாமல், ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். சூடு உடனே குறைந்தால் அது கதிர்வீச்சு. ஓடும்போது வரும் சூட்டை அறிய, காற்காப்புக் கம்பியிலும் தொட்டியின் ஓரத்திலும் சிறு பருத்தி நூல்களைக் கட்டிவிட்டு, பின்னிருப்பவரை அவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். நூல் பறக்கும் திசையே காற்று செல்லும் திசை. எஞ்சின் பக்கத்திலிருந்து முழங்காலை நோக்கி அது பறந்தால், சுடுகாற்று அவ்வழியே வருகிறது என்பது தெளிவு.

இனிப் பரிகாரங்களைக் காண்போம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, எஞ்சின் தேவைக்கு மேல் சூடாகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையில் 14.7 பங்கு காற்று தேவை. காற்றை உறிஞ்சும் குழாயின் இணைப்பு தளர்ந்து, அதிகப்படியான காற்று உட்புகுந்தால் கலவை மெலிந்து சூடு மிகும். தீப்பொறி உரிய நேரத்திற்குப் பிந்தி விழுந்தால், எரிதல் சிலிண்டருக்குள் முடியாமல் சைலன்ஸர் குழாய் வரை நீளும். குழாய் மிகுதியாகக் காயும். எஞ்சின் ஆயிலின் அளவு குறைந்தாலும், பழையதாகிப் போனாலும் இதே கதிதான். பிரேக் விடாமல் உரசினாலும், சக்கரத்தில் காற்று குறைந்தாலும் எஞ்சின் வீணாக உழைக்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக நம்பிக்கையான மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

அடுத்தது காற்றின் வழி. 1955-ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகி, இந்தியா முழுவதும் ஓடிப் பெயர் பெற்ற புல்லட் வண்டியைப் பாருங்கள். அதன் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் அமைந்திருக்கும். காற்றுப் படும் பரப்பைப் பெருக்கி வெப்பத்தை விரைந்து வெளியேற்றுவதே அவற்றின் தொழில். அந்தத் தகடுகளுக்கிடையே சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்திருந்தால் காற்று நுழையாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தூரிகையும் நீரும் கொண்டு அவற்றைத் துப்புரவு செய்யவேண்டும். சூடான எஞ்சின்மேல் நீரை வாரி இறைத்தல் ஆகாது. உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் காண இடமுண்டு.

நெடும்பயணம் போவோர் செய்யும் ஒரு பிழையையும் இங்கே குறிப்பிடவேண்டும். காற்காப்புக் கம்பியில் பெட்ரோல் டப்பாவையும் நீர்ப்பையையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அழகுக்காகத் துணியுறை போடுவாரும் உண்டு. இவை எஞ்சினுக்கு வரவேண்டிய காற்றை மறைத்துவிடுகின்றன. எஞ்சின் அருகே பெட்ரோல் டப்பாவை வைப்பது அபாயமும் ஆகும். சுமைகள் யாவும் இருக்கைக்குப் பின்னால் இருப்பதே முறை.

உயரமான கண்ணாடித் தடுப்புப் பற்றியும் ஒரு சொல். அது எதிர்க்காற்றைத் தடுக்கிறது. ஆனால் அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று மேலேறி வருகிறது. எஞ்சினைக் கடந்து வரும் அந்தக் காற்று, சூட்டையும் தன்னுடன் கொண்டுவந்து மார்பிலும் முகத்திலும் சேர்க்கிறது. கோடையில் தாழ்ந்த கண்ணாடியைப் பொருத்துவதும், கண்ணாடியின் அடியில் சிறிது காற்றுப் புகும் இடைவெளி விடுவதும் இதற்கு மருந்து. எஞ்சினின் இரு பக்கங்களிலும் சிறு தகடுகளைச் சாய்வாக அமைத்துச் சுடுகாற்றைக் காலுக்கு வெளிப்புறமாகத் திருப்பிவிடுவதும் நல்ல பயன் தரும்.

கதிர்வீச்சைத் தடுக்கக் கேடயத் தகடு வேண்டும். பளபளப்பான அலுமினியம், தன்மீது படும் வெப்பக் கதிர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அத்தகைய தகடு ஒன்றைக் குழாயின் வளைவுக்கேற்ப வளைத்து, குழாயைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறு பொருத்தவேண்டும். அந்த இடைவெளியே இதன் உயிர்நிலை. அதனூடே ஓடும் காற்று வெப்பத்தை வாரிச் செல்கிறது. தகடும் சூடேறாமல் இருக்கிறது. இடைவெளியின்றி ஒட்டி வைத்தால் தகடே மற்றொரு சூடான குழாயாகிவிடும். தொட்டியின் அடியிலும் பக்க மூடிகளின் உட்புறத்திலும், ஒருபுறம் பளபளப்பும் மறுபுறம் வெப்பங்கடத்தாப் பஞ்சும் உள்ள தகட்டுத்தாளை ஒட்டலாம். பளபளப்பான புறம் எஞ்சினை நோக்கியிருக்கவேண்டும். அது மின்கலத்தின் முனைகளில் பட்டுவிடாதபடி எச்சரிக்கை தேவை.

குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார்ப்பட்டை சுற்றும் வழக்கமும் உண்டு. வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே அடைத்து வைப்பதால் காலுக்குச் சூடு குறைவது உண்மையே. ஆனால் மழையில் நனைந்த பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் ஊறிய பட்டை தீப்பற்றவும் கூடும். கரையோர ஊர்களில் உள்ளவர்கள் இதைவிடக் கேடயத் தகட்டையே நாடுவது நன்று.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் ஸ்டேஜ் 6’ விதிகளுக்குட்பட்ட வண்டிகளில், புகையிலுள்ள நச்சுப் பொருள்களை மாற்றும் வினையூக்கி ஒன்று சைலன்ஸர் வழியில் இருக்கிறது. அது ஏறத்தாழ 300 டிகிரியை எட்டிய பின்னரே செவ்வனே வேலை செய்யும். பல வண்டிகளில் அது ஓட்டுநரின் காலுக்கு அருகிலேயே அமைந்துள்ளது. சூட்டுக்கு அஞ்சி அதைக் கழற்றி எறிவது சட்டத்திற்கும் மாறு. ஊரார் சுவாசிக்கும் காற்றுக்கும் கேடு. அதற்கும் கேடயமே வழி.

நீரால் குளிரூட்டப்படும் வண்டிகளில் சிலர் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுச் சூடு குறையும் என எதிர்பார்க்கின்றனர். முன்னர்க் கூறிய அடிப்படையை நினைவுகூர்ந்தால் இது வீண் என்பது புலனாகும். எரியும் பெட்ரோல் அதே அளவாக இருக்க, வெளியேறும் வெப்பமும் அதே அளவாகத்தானே இருக்கும்! ரேடியேட்டரின் விசிறி அந்தச் சூட்டை எப்பக்கம் தள்ளுகிறது என்பதைக் கண்டு, அங்கே ஒரு திசைதிருப்பும் தகடு வைப்பதே பயன் தரும்.

நிற்கும் வண்டியே மிகுதியாகச் சுடும் என்பதையும் நினைவில் வைப்போமாக. ரயில்வே கேட்டிலும் சுங்கச் சாவடியிலும் எஞ்சினை நிறுத்திவிடுவது சிறந்தது. ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தார் தங்கள் பெரிய வண்டிகள் சிலவற்றில், நிற்கும்போது தொடையின் அருகிலுள்ள பின் சிலிண்டர் மட்டும் தானே வேலையை நிறுத்தும்படி ஏற்பாடு செய்துள்ளனர். அவர்கள் கருவியால் செய்வதை நாம் சாவியால் செய்துவிடலாம்.

வண்டியைக் கவனித்தோம், இனி உடலைக் கவனிப்போம். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரையில், வீசும் காற்று நம்மைக் குளிர்விக்கும். வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்போது காற்றின் வெப்பம் 45 டிகிரியைத் தொடுகிறது. அந்த நிலையில் சட்டையைத் திறந்துவிட்டு ஓட்டுவது, அடுப்பின் வாயைத் திறந்துவிடுவதை ஒக்கும். உடலை மூடிய உடுப்பே அப்போது காப்பு. உள்ளே நனைத்த பருத்திப் பனியன் அணிந்து, மேலே காற்றைச் சிறிதளவே விடும் மேலங்கி போடுவது சாலச் சிறந்தது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த மும்பையிலும் கொல்கத்தாவிலும் நீர் எளிதில் ஆவியாகாது. அங்கே இந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்காது. அங்கெல்லாம் காற்றோட்டமுள்ள வலைத்துணி அங்கியே உகந்தது.

காலுக்குக் கணுக்காலை மூடிய தோல் காலணியும் தடித்த கால்சட்டையும் தேவை. நைலான் போன்ற துணிகள் குழாயில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 60 டிகிரியைத் தாண்டிய உலோகம் சில வினாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். பெரும்பாலான வண்டிகளில் சைலன்ஸர் வலப்புறம் உள்ளதால், குழந்தைகளை இடப்புறமாகவே ஏற்றி இறக்கவேண்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் அருந்துங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டாக அளந்து கரைத்தால், இழந்த உப்பையும் நீரையும் அது ஈடு செய்யும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிழலில் நிறுத்தி ஓய்வெடுக்கவேண்டும். பேச்சுக் குழறினாலும் அறிவு மயங்கினாலும் அது உயிருக்கே அபாயம். உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் செலவே இல்லாத பரிகாரம் ஒன்று உண்டு. விடியுமுன் புறப்பட்டுப் பதினொரு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்து, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் கிளம்புவதே அது. நம் முன்னோர் மாட்டுவண்டியில் சென்றபோதும் உச்சிவேளையில் மரத்தடியில் அவிழ்த்துவிட்டுத்தான் சென்றனர். மாட்டுக்கு அளித்த அந்த ஓய்வை நமக்கும் நம் குழந்தைகளுக்கும் அளிப்போமானால், ஊர் ஒரு நாள் பிந்தி வந்தாலும் நலமாக வந்து சேரும்.