பெருங்கோப்புகளைக் கணினி விட்டுக் கணினி கொண்டு செல்லும் முறை

ஜக்கார்டு தறியில் நெய்யும் அங்கத்தினர்களுக்கு அட்டைக் கோவையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய அம்முறையில், அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதற்குரிய பாவு இழை எழும்புகிறது. கோவையை ஒரு தறியிலிருந்து கழற்றி வேறொன்றில் ஏற்றினால் அதே கரையும் அதே புட்டாவும் அங்கும் விழும். தறி இருந்த இடத்திலேயே இருக்க, வடிவம் மட்டும் பயணம் செய்கிறது. இக்கட்டுரையில் நாம் ஆராயவிருப்பதும் இத்தகைய பயணமேயாகும்.

இன்று வடிவங்கள் கணினியில் வரையப்படுகின்றன. மின்னணு ஜக்கார்டுத் தறிக்குப் பென் டிரைவ் மூலமாகவும் அவை செல்கின்றன. சங்கத்தின் பேரேடு, சிக்கனச் சேமிப்புக் கணக்கு, பயிர்க்கடன் பதிவு ஆகியவையும் கணினிக்கு ஏறி வருகின்றன. சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆகவே, இக்கோப்புகளைப் பழுதின்றி இடம் மாற்றுவது எப்படி என்பதைச் சிப்பந்திகள் மட்டுமன்றி அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

இணையம் இருக்கும்போது கையில் தூக்கிச் செல்வானேன் என்று சிலர் வினவக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தின் வடிவப் படங்களும் கணக்குகளும் சேர்ந்து 40 ஜிகாபைட் என்று கொள்வோம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் இணைப்பில், தடை ஏதுமின்றிச் சென்றாலும் ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும். விநாடிக்கு 100 மெகாபைட் எழுதும் ஹார்ட் டிஸ்க்கில் அதுவே 7 நிமிட வேலை. மறுமுனையில் இறக்க மேலும் 7 நிமிடம். இடையே பேருந்துப் பயணம் 2 மணி நேரம் பிடித்தாலும் லாபமே. எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் என்பதை மறந்தால் இக்கணக்கு பிசகும்.

பெரிய விஞ்ஞானிகளும் இவ்வழியையே மேற்கொண்டுள்ளனர். எம்.87 என்னும் நட்சத்திர மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையைப் படம் பிடிக்க, 2017 ஏப்ரலில் உலகின் பல பகுதிகளிலிருந்த தொலைநோக்கிகள் ஒருங்கே இயங்கின. கிடைத்த தகவல் பல பெட்டாபைட். ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜிகாபைட். அது ஹார்ட் டிஸ்க்குகளில் பதியப்பட்டு விமானமேறி அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சென்றது. தென்துருவத்து டிஸ்க்குகள் அங்குக் குளிர்காலம் முடிந்து விமானம் வரும் வரையில் காத்திருந்தன. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான படம் அவ்வாறு வந்து சேர்ந்த தகவலினின்றும் உருவானதாகும்.

இனி, எடுத்துச் செல்லும் கலங்களைக் காண்போம். பழைய மூன்றரை அங்குல ஃபிளாப்பி கொண்டது 1.44 மெகாபைட், மேற்கூறிய 40 ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ 28,000 ஃபிளாப்பிகள் வேண்டும். சி.டி. 700 மெகாபைட் கொள்ளும். 58 தட்டுகள் வேண்டும். ஒரே அடுக்குள்ள டி.வி.டி. 4.7 ஜிகாபைட், 9 தட்டுகள் போதும். பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஒன்றே போதும். ஒரு முறை மட்டும் எழுதத்தக்க தட்டில் பதிந்ததைப் பின்னர் எவரும் திருத்த இயலாது. இது தணிக்கைக்கு உகந்த குணம். ஆயினும் அதைப் படிக்கும் கருவி புதிய கணினிகள் பலவற்றில் இல்லை.

போதிய இடமிருந்தும் பெரிய கோப்பு ஒன்று பென் டிரைவில் ஏற மறுப்பதுண்டு. டிரைவ் பழுதென்று அதனை ஒதுக்கிவிட வேண்டாம். ஃபாட் 32 என்னும் அமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டலாகாது, காரணம் அவ்வளவே. எக்ஸ்-ஃபாட் என்னும் அமைப்புக்கு மாற்றினால் தடை நீங்கும். ஆனால் மாற்றும்போது டிரைவில் ஏற்கெனவே உள்ளவை யாவும் அழிந்துவிடுமாதலால், அவற்றை முன்னரே வேறிடத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மாற்ற வழியில்லையெனில், செவன்-ஜிப் போன்ற இலவச நிரலால் கோப்பைத் துண்டுகளாக்கிக் கொண்டு செல்லலாம். ஒரு துண்டு குறைந்தாலும் மறுமுனையில் கோப்பு முழுமையாக உருப்பெறாது.

நிற்க. கோப்பை நகலெடுக்க வேண்டுமேயன்றி வெட்டி ஒட்டலாகாது. நெசவாளர் சங்கம் ஒன்றில், கூலிப் பதிவுக் கோப்பைத் தணிக்கைக்கென வெட்டிப் பென் டிரைவில் ஒட்டினர். வழியில் டிரைவ் கெட்டுவிட்டது. சங்கக் கணினியிலோ மூலம் இல்லை. காகித நாள்வழியைக் கொண்டு மீண்டும் பதிந்து முடிக்கும் வரையில், தீபாவளிக்குமுன் கைக்கு வரவேண்டிய போனஸ் நெசவாளருக்குத் தாமதமாயிற்று. ஒரு விரல் அசைவில் நேர்ந்த தவற்றின் பாரம் தறியில் உட்கார்ந்திருந்தவர் தலையில் விழுந்தது.

நகல் முடிந்தவுடன் டிரைவைப் பிடுங்குவதும் தீது. திரையில் வேலை முடிந்ததாகத் தோன்றினும் கடைசிப் பகுதி கணினியின் நினைவிலேயே காத்திருத்தல் கூடும். பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, அனுமதி வந்தபின் எடுப்பதே முறை.

பாவு கொடுக்கும்போது எடை போட்டுக் கொடுத்து, சேலை வரும்போது எடை பார்த்து வாங்குவது நம் வழக்கம். கோப்புக்கும் அத்தகைய எடையுண்டு. எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறை எந்தக் கோப்புக்கும் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியைத் தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் குறி அடியோடு மாறிவிடும். விண்டோஸ் கணினியிலுள்ள செர்ட்யூட்டில் என்னும் கருவியால் இதைப் பெறலாம். அனுப்பும் முனையில் கண்ட குறியும் பெறும் முனையில் கண்ட குறியும் ஒத்திருந்தால் சரக்கு சேதமின்றி வந்ததென அறியலாம்.

கண்ட இடத்தில் செருகிய டிரைவ் வைரஸையும் சுமந்து வரும். 2008-இல் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் வைரஸ் இவ்வழியிலும் பரவியது. சங்க வேலைக்கெனத் தனி டிரைவ் வைத்து, திறக்குமுன் சோதித்தல் வேண்டும். அங்கத்தினரின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் அதில் உள்ளமையால், டிரைவைக் கடவுச்சொல்லால் பூட்டுதலும் கடமையாகும். அச்சொல்லை டிரைவின் மேல் எழுதி ஒட்டுவது, பூட்டிய பெட்டியின் மேல் சாவியை வைப்பதற்கு ஒப்பாகும்.

இறுதியாக ஒன்று. டிரைவ் என்பது வண்டி, களஞ்சியம் அன்று. பென் டிரைவை மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தால் அதிலுள்ள பதிவு மங்கக்கூடும். ஆகவே முக்கியக் கோப்புகளுக்கு மூன்று நகல்கள் வைத்து, அவற்றுள் ஒன்றைச் சங்கக் கட்டடத்திற்கு வெளியே காத்தல் வேண்டும். டிரைவ் வெளியே செல்லும் ஒவ்வொரு முறையும் தேதி, எடுத்துச் செல்பவர் பெயர், கோப்பின் சரிபார்ப்புக் குறி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறலாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், நம் கணக்கின் நகல்கள் எத்தனை, அவை எங்கெங்கு உள்ளன என்று அங்கத்தினர் கேட்பது அவர்தம் உரிமை. அதற்கு உடனே விடை கூறத்தக்க நிலையில் நிர்வாகக் குழுவினர் இருத்தல் வேண்டும்.