ஒரு மெழுகுவர்த்தியும் 1,600 கேபிள்களும்

அணுமின் நிலைய விபத்து என்றதும் செர்னோபிலும் ஃபுகுஷிமாவும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அணுமின் நிலையங்களில் கேபிள் பதிக்கும் முறையைப் பெரிதும் மாற்றியது, பலரும் கேள்விப்பட்டிராத ஒரு தீ விபத்து. அதில் யாரும் உயிரிழக்கவில்லை. ஆபத்தான அளவில் கதிரியக்கமும் வெளியேறவில்லை. அதைத் தொடங்கி வைத்தது ஒரு மெழுகுவர்த்தி.

1975 மார்ச் 22, சனிக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் உள்ள பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் இரண்டு அணு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது உலை கட்டுமானத்தில் இருந்தது. நிலையத்தின் நாலாபக்கமிருந்தும் வரும் கேபிள்கள் கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே உள்ள ஓர் அறையில் கூடி, அங்கிருந்து பிரிந்து மேலேயுள்ள கருவிப் பலகைகளுக்குப் போகும். அந்த அறைக்கும் உலைக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சுவர். சுவரில் துளையிட்டுத்தான் கேபிள்களைக் கொண்டுபோயிருந்தார்கள்.

உலைக் கட்டடத்தில் காற்றழுத்தத்தை எப்போதும் வெளியைவிடச் சற்றுக் குறைவாக வைத்திருப்பார்கள். எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்காற்று வெளியே வராது. அதனால் கேபிள் துளைகளைக் காற்றுப் புகாமல் அடைப்பது முக்கியம். அன்று இரண்டு பணியாளர்கள் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கசிவைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது மெழுகுவர்த்தி. சுடர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே ஓட்டை. இது திருட்டுத்தனமாகச் செய்த வேலை அல்ல. அங்கே வழக்கமாக இருந்த முறைதான்.

ஓரிடத்தில் சுடர் பலமாகச் சாய்ந்தது. பாலியூரித்தேன் நுரைப்பஞ்சைத் திணித்து அடைத்தார்கள். சரியாக அடைபட்டதா என்று மறுபடியும் மெழுகுவர்த்தியைக் காட்டினார்கள். இன்னும் கசிந்துகொண்டிருந்த காற்று சுடரைப் பஞ்சுக்குள் இழுத்தது. பஞ்சு பற்றிக்கொண்டது. கைவிளக்கால் அடித்துப் பார்த்தார்கள். பிறகு துணியைத் திணித்துப் பார்த்தார்கள். அதற்குள் தீ சுவரின் மறுபக்கம் போய்விட்டது. எச்சரிக்கை மணி ஒலிக்கக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு நாள்களுக்கு முன்புதான் இதே வேலையில் ஒரு சிறு தீ மூண்டு அணைக்கப்பட்டிருந்தது. அப்போதும் மெழுகுவர்த்தியைக் கைவிட யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வியப்பு.

மேலே கட்டுப்பாட்டு அறையில் விசித்திரங்கள் தொடங்கின. உலையில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்க, அவசரகால பம்புகள் தாமாகவே ஓடத் தொடங்கின. நிறுத்தினால் மறுபடியும் ஓடின. விளக்குகள் சில பிரகாசமாக எரிந்தன, சில மங்கின. கேபிளின் உறை உருகும்போது அருகருகே உள்ள கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றில் ஓடும் மின்சாரம் மற்றொன்றில் பாயும். யாரும் பொத்தானைத் தொடாமலேயே வால்வு திறக்கலாம், பம்பு நிற்கலாம். கேபிள் அறுந்துபோவதைவிட இப்படி ஒட்டிக்கொள்வதுதான் பொறியாளர்களை அதிகம் அச்சுறுத்தும். அறுந்தால் கருவி இயங்காது, அவ்வளவுதான். ஒட்டினால், கருவி பொய் சொல்லும்.

முதல் உலையை நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் இரண்டாவதையும் நிறுத்தினார்கள். ஆனால் அணு உலையை நிறுத்துவது அடுப்பை அணைப்பது போன்றதல்ல. பிளவு நின்ற பிறகும் எரிபொருளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அந்த வெப்பம் முழுத் திறனில் ஏறத்தாழ 6 விழுக்காடு. பிரவுன்ஸ் ஃபெர்ரி அளவுள்ள உலையில் அது சுமார் 200 மெகாவாட். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தாக வேண்டும்.

முதல் உலையின் அவசரகாலக் குளிரூட்டும் அமைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்க வேண்டும் என்றுதான் அவற்றை இரட்டிப்பாக அமைத்திருந்தார்கள். பம்புகள் தனித்தனியாக இருந்தன, கேபிள்கள் ஒரே தீயில் எரிந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி வைத்தது போலத்தான். போதாததற்கு, கருவிப் பலகையின் சிறு அடையாள விளக்குகளுக்குப் போன கம்பிகள், பிரித்து வைத்திருந்த இரு தரப்பையும் இணைத்திருந்தன. விளக்குக் கம்பிதானே என்று அவற்றை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

இயக்குநர்கள் உலையின் அழுத்தத்தை வால்வுகள் வழியே குறைத்து, இந்த வேலைக்கென்று அமைக்கப்படாத சாதாரண பம்புகளைக் கொண்டு தண்ணீர் செலுத்தினார்கள். வழக்கமாக எரிபொருளுக்கு மேல் 5 மீட்டர் உயரத்தில் இருக்கும் தண்ணீர் 1.2 மீட்டருக்கு இறங்கியது. எரிபொருள் வெளியே தெரியவில்லை. அன்று காப்பாற்றியது அதுதான்.

தீ ஏறக்குறைய 7 மணி நேரம் எரிந்தது. கேபிள் கட்டுக்குள் பிடித்த தீ பொல்லாதது. கரியமில வாயு அடித்தால் சுடர் அடங்கும். வாயு கலைந்ததும் உள்ளிருக்கும் சூடு மறுபடி மூட்டிவிடும். தண்ணீர் மட்டுமே சூட்டைத் தணிக்கும். உதவிக்கு வந்த ஏதென்ஸ் நகரத் தீயணைப்பு அதிகாரி தொடக்கத்திலேயே அதைச் சொன்னார். மின்சாரம் பாய்ந்துவிடுமோ, இருக்கும் கருவிகளும் போய்விடுமோ என்று நிலைய நிர்வாகம் தயங்கியது. மாலை 7 மணியளவில்தான் ஒப்புக்கொண்டது. தண்ணீர் பட்டதும் சிறிது நேரத்தில் தீ அணைந்தது. எண்ணிப் பார்த்தபோது சேதமடைந்தவை சுமார் 1,600 கேபிள்கள். அவற்றில் 628 பாதுகாப்பு அமைப்புகளைச் சேர்ந்தவை. இரு உலைகளும் ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்தன.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தொடங்கி அப்போது இரண்டே மாதம் ஆகியிருந்தது. அது வகுத்த தீத்தடுப்பு விதிகள் 1981இல் நடைமுறைக்கு வந்தன. ஓர் உலையைப் பத்திரமாக நிறுத்தத் தேவையான இரு கேபிள் தொகுதிகளுக்கு இடையே 3 மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு வேண்டும். இல்லையென்றால் இடையில் எரியும் பொருள் எதுவும் இல்லாமல் 20 அடி இடைவெளி விட்டு, புகையுணர் கருவியும் தானியங்கித் தெளிப்பானும் வைக்க வேண்டும். மூன்றாவது வழி, ஒரு தொகுதியை 1 மணி நேரம் தாங்கும் உறையால் மூடி, அதே உணர்கருவியும் தெளிப்பானும் பொருத்துவது.

எழுதுவது எளிது, பழைய கட்டடத்தில் 20 அடிக்கு எங்கே போவது? பல நிலையங்கள் கேபிள் தட்டுகளுக்குத் தீத்தடுப்பு உறை போர்த்தின. அதில் வேறொரு சிக்கல். மின்சாரம் ஓடும் கேபிள் சூடாகும். போர்த்தினால் அந்தச் சூடு வெளியேறாமல் உறையை மெல்ல மெல்ல முதுமையாக்கும். எனவே அந்தக் கேபிளில் செலுத்தும் மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். இன்னொரு சங்கடமும் வந்தது. பரவலாகப் பயன்பட்ட தெர்மோ-லேக் என்ற உறை சோதனைகளில் சொன்ன நேரம் தாங்கவில்லை என்று 1992இல் ஆணையமே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

கேபிளின் உறையும் கவனத்துக்கு வந்தது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை எழும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். தீ எட்டாத கருவிகளையும் அது அரித்துவிடும். தீயைப் பரப்பாத, புகை குறைந்த உறைகள் இன்று பல தொழில்களில் புழங்குகின்றன.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் பலவீனம், சுவரில் உள்ள அந்தத் துளைதான். நம் அடுக்குமாடிகளிலும் மின்மீட்டர் அலமாரியைத் திறந்தால், புதிய கேபிள் இழுத்தவர் அடைக்காமல் விட்டுப்போன ஓட்டையைப் பார்க்க முடியும். அணுமின் நிலையத்தில் தீத்தடுப்புச் சுவரின் அடைப்பைப் பிரித்தால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். மறுபடி அடைத்துச் சோதித்து முடிக்கும்வரை அங்கே தீக்காவலர் ஒருவரை நியமிப்பார்கள். சில இடங்களில் அவர் மணிக்கொரு முறை வந்து பார்ப்பார். சில இடங்களில் முறை முடியும்வரை அங்கிருந்து நகரக்கூடாது. அவருக்கு வேறு வேலை கிடையாது. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.