ஆற்றுமுகத்தில் ஓர் அரசர் கோட்டை


புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோல சிலாங்கூர் பக்கத்து ஊர்தான். அங்குள்ள புக்கிட் மெலாவத்தி குன்றில், சிலாங்கூர் சுல்தான்களின் பழைய கோட்டை இருந்தது. சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. உள்நாட்டிலிருந்து ஈயம் ஏற்றி வரும் படகுகளும் மலாக்கா நீரிணையில் போகும் கப்பல்களும் மேலிருந்தே கண்ணில் படும். குன்றைப் பிடித்தவர் கையில்தான் வாணிபம்!

1784-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங் படைத் துணையோடு அதை மீட்டார்.

இன்று அங்கே கடலை நோக்கிய பீரங்கிகள், இடிந்த மதில், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் ஆகியவற்றைப் பார்க்கலாம். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். கல்லறைப் பகுதியில் அமைதி காப்பது நம் கடமை.

மரங்களில் சாம்பல் நிற இலைக்குரங்குகள் கூட்டமாக இருக்கும். தாயின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்!

மின்மினிப் பூச்சிகளைப் பார்க்க கம்போங் குவாந்தானுக்கு இரவில் போகிறவர்கள், மாலையிலேயே கிளம்பிக் குன்றில் ஏறுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நாம் வாழும் மண்ணின் வரலாறு அவர்களுக்கும் தெரியட்டும்.