தஞ்சைப் படைக்கலக் கொட்டிலின் சிதறலும் பழம்படைக்கலங்களை இனங்காணலும் மதிப்பிடலும்

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சை மராட்டிய மன்னர்களின் அரண்மனைப் படைக்கலங்கள் 1863இல் கலைக்கப்பட்டன. தேர்ந்தெடுக்கப்பட்ட சில சென்னை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இன்று உலக அருங்காட்சியகங்களில் ‘தஞ்சாவூர்’ என்னும் குறிப்புடன் காணப்படும் படைக்கலங்களை எவ்வாறு இனங்காண்பது, எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முத்திரையை மட்டும் நம்பும் முறை தஞ்சைப் படைக்கலங்களுக்குப் பொருந்தாது என்பதும், கைமாறிய வரலாற்றுச் சான்றே அவற்றின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: தஞ்சாவூர், படைக்கலக் கொட்டில், கட்டாரி, பிரங்கி வாள், முத்திரை, அரிசாகா ரைபிள்.

முன்னுரை

படைக்கலத்தின் மதிப்பு எதில் உள்ளது என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் இரண்டு படைக்கலத் தொகுதிகளை எதிரெதிரே நிறுத்துகிறார். தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானின் படைக்கலங்களோ போரில் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. பளபளப்பைவிடச் சிதைவே மிகுதியாகச் செய்தி சொல்கிறது என்பது அப்பாடலின் உட்கிடை. பழம்படைக்கல ஆய்வுக்கும் இதுவே அடிப்படையாகிறது.

1863: எடைக்கு விற்கப்பட்ட வரலாறு

1799ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப்பின் இரண்டாம் சரபோசியின் ஆட்சியுரிமை தஞ்சைக் கோட்டையளவில் சுருங்கியது. அவர் மகன் இரண்டாம் சிவாசி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது கம்பெனி அரசு அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றியது. அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கில், கைப்பற்றியது அரசுச் செயல் என்பதால் நீதிமன்றம் அதில் தலையிட இயலாது என்று 1859இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பின்னர்த் தனிச்சொத்துகள் விதவை அரசியரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. இச்சூழலில்தான் 1863இல் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது.

சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த வால்ஹவுஸ் இதனை நேரில் அறிந்தவர். அவர் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் பழைய தஞ்சைப் படைக்கலக் கொட்டில் குறித்து எழுதிய கட்டுரையே இதற்கு முதன்மைச் சான்று. துருவேறிக் குவியல் குவியலாகக் கிடந்த படைக்கலங்களிலிருந்து சிறந்தவை பொறுக்கியெடுக்கப்பட்டு, 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன என்பதும், எஞ்சியவை உடைக்கப்பட்டு இரும்பு விலைக்குப் போயின என்பதும் அதனால் தெரியவருகின்றன. அதே 1878இல்தான் இந்திய ஆயுதச் சட்டம் படைக்கலம் வைத்திருப்பதை உரிமத்திற்கு உட்படுத்தியது என்பதும் இணைத்து நோக்கத்தக்கது. அரண்மனை வளாகத்தில் உயர்ந்து நிற்கும் கட்டடம் இன்றும் ‘ஆயுத கோபுரம்’ என்றே வழங்கப்பெறுகிறது, ஆயுதங்கள்தாம் அங்கில்லை.

பொறுக்கியெடுத்தவர்கள் அழகிய வேலைப்பாட்டையே அளவுகோலாகக் கொண்டனர். ஆகவே எஞ்சியுள்ள தொகுதி அரண்மனையின் முழுப் படைக்கல இருப்பையும் காட்டுவதன்று. எளிய வீரனின் வேலும் வாளும் பெரும்பாலும் உலைக்குச் சென்றிருக்கும். இத்தெரிவுச் சார்பினை மறந்து, தஞ்சைப் படையினர் அனைவரும் சித்திரவேலைக் கட்டாரி ஏந்தினர் எனக் கருதுவது பிழையாகும்.

முத்திரை பேசும் துப்பாக்கி

இனங்காணல் முறையைத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு ஜப்பானியப் படையின் அரிசாகா ரைபிள். 1905இல் ஏற்கப்பட்ட 38ஆம் வகை 6.5 மி.மீ. குழல்விட்டம் கொண்டது, 1939இல் ஏற்கப்பட்ட 99ஆம் வகை 7.7 மி.மீ. குழல்விட்டம் கொண்டது. வகையெண் எழுத்து, வரிசையெண், தொழிற்சாலைக் குறி ஆகியவை துப்பாக்கியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அரச உடைமையைக் காட்டும் 16 இதழ்ச் சாமந்தி முத்திரையும் அதன்மேல் இருக்கும். 1945 சரணடைவின்போது ஒப்படைக்கப்பட்ட ரைபிள்கள் பலவற்றில் இம்முத்திரை அராவி அழிக்கப்பட்டது. போர்க்களத்திலேயே கைப்பற்றப்பட்டவற்றில் அது பெரும்பாலும் முழுமையாக உள்ளது.

சேகரிப்போர் சந்தையில் முத்திரை முழுமையாக உள்ள ரைபிளுக்கே விலை மிகுதி. பகுதிகளின் எண்கள் ஒத்திருந்தால் விலை மேலும் உயரும். ஆனால் வரலாற்றாய்வாளருக்கு அராவப்பட்ட தழும்பும் ஒரு சான்றே. அப்படைக்கலம் எந்நிலையில் கைமாறியது என்பதை அத்தழும்பே உணர்த்துகிறது. சந்தை விலையும் வரலாற்று மதிப்பும் வேறுவேறு என்பதை இது புலப்படுத்தும்.

முத்திரை ஏமாற்றும் வாள்

தஞ்சைப் படைக்கலங்களில் இம்முறையை அப்படியே பின்பற்ற இயலாது. அங்குள்ள வாள்கள், கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கைப்பிடி தென்னாட்டுக் கம்மியர் செய்தது. ஐரோப்பிய அலகு பொருத்திய வாள் ‘பிரங்கி’ எனப் பெயர் பெற்றதும் இதனாலேயே. நீண்ட ஐரோப்பிய வாளலகைத் துண்டித்து, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து ஆணியால் இறுக்கிக் கட்டாரியாக மாற்றும் வழக்கமும் இருந்தது.

அலகிலுள்ள குறியும் முழுமையாக நம்பத்தக்கதன்று. ‘ஆந்திரேயா பெராரா’ 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய வாள்கொல்லர் ஒருவரின் பெயர். பிற்காலத்தில் செருமனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட அலகுகளிலும் அப்பெயர் பொறிக்கப்பட்டது. ஓடும் ஓநாய்க் குறி பாசோ, சோலிங்கன் ஆகிய இரு நகரங்களுக்கும் உரியது. செனோவாவோடு தொடர்புபடுத்தப்படும் அரிவாள் வடிவக் குறியை இந்தியக் கொல்லரும் போலச் செய்தனர். எனவே குறி என்பது அலகின் தரத்திற்கான விளம்பரமேயன்றிப் படைக்கலத்தின் பிறப்புச் சான்றிதழ் அன்று.

இந்நிலையில் கைப்பிடியே சிறந்த சான்றாகிறது. தென்னாட்டுக் கட்டாரியில் கையின் புறப்பகுதியை மூடும் படம்போன்ற காப்புத் தகடு உண்டு. துளையிட்டுச் செதுக்கிய அத்தகட்டின் உச்சியில் யாளி முதலிய உருவங்கள் அமைகின்றன. இவ்வுருவங்களை விசயநகர, நாயக்கர் காலக் கோயிற் சிற்பங்களோடு ஒப்பிட்டுக் காலம் கணிக்கலாம். இராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட இந்துப் படைக்கலங்கள் பற்றிய நூல், வால்ஹவுசின் செய்திகளையும் சென்னை அருங்காட்சியகத் தொகுதியையும் அடிப்படையாகக் கொண்டு இவ்வழியில் விரிவாக ஆராய்ந்துள்ளது. மராட்டியர் கொட்டிலில் இருந்தது என்பதாலேயே ஒன்றை மராட்டியர் காலத்ததாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கையும் இதனால் கிடைக்கிறது.

துப்பாக்கிகளிலும் இதே கவனம் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகள் முதலில் இதய வடிவச் சரக்குக் குறியையும், 1808 முதல் எழுந்து நிற்கும் சிங்கக் குறியையும் தாங்கின. ஆயின் அக்குறிகளைப் பொறித்த பிற்காலப் போலிகளும் பழம்பொருள் சந்தையில் மிகுதி. குறியின் ஆழம், இயங்குபகுதியின் தேய்மானம், மரத்திற்கும் இரும்பிற்கும் உள்ள பொருத்தம் ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இடப்பெயரின் மதிப்பு

சியார்ச் கேமரன் சுடோன் 1935இல் விட்டுச்சென்ற தொகுப்பின் வழியாக நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்திற்குத் தஞ்சாவூர்க் கட்டாரிகள் சில கிடைத்தன. இத்தகைய பொருள்களுக்கு ‘தஞ்சாவூர்’ என்னும் பெயர் மூன்று பொருள்களில் வழங்குகிறது: அங்குச் செய்யப்பட்டது; அங்கு வைக்கப்பட்டிருந்தது; அங்குள்ளவற்றைப் போன்றது. முதலிரண்டும் வரலாற்றுச் செய்திகள். மூன்றாவது வடிவ ஒப்புமை மட்டுமே. விற்பனைப் பட்டியல்கள் இவற்றை வேறுபடுத்தாதபோது மூன்றாவது வகைக்கும் முதல்வகையின் விலை கிடைத்துவிடுகிறது. 1863இல் இடப்பெயரும் வரலாறும் விலையில்லாதவையாய் இருந்தன. இன்று இடப்பெயரே விலையாகிறது.

தஞ்சைக் கீழவாசல் பீரங்கிமேட்டிலுள்ள இரும்புப் பீரங்கி இதற்கு மறுதலையான சான்று. இரகுநாத நாயக்கர் காலத்ததாகக் கருதப்படும் இது ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளமுடையது. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைச் சூடேற்றி அடித்து இணைத்துச் செய்யப்பட்டது. முத்திரையே தேவையின்றி இதன் மதிப்பை உறுதிசெய்ய முடிவதற்குக் காரணம், அது தன் இடத்திலேயே இருப்பதுதான்.

மதிப்பிடும் முறை

காவிரிப் படுகை ஊர்களில் பழைய வாளோ துப்பாக்கியோ கிடைக்கும்போது முதலில் செய்யத்தக்கது பதிவு, தேய்த்துத் துலக்குவதன்று. துருவை நீக்குகையில் குறியும் பழுதுபார்த்த தடயமும் சேர்ந்தே நீங்கிவிடும். அலகு, கைப்பிடி, இணைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து ஒளிப்படம் எடுத்தலும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் வாய்மொழிச் செய்தியை எழுதிக்கொள்ளுதலும் இன்றியமையாதவை. நூறாண்டு கடந்த படைக்கலம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவது. உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. செப்பனிட்டாலும் சுட இயலாத பழம்படைக்கலத்திற்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது. சுடத்தக்க நிலையிலுள்ளதற்கு அவ்விலக்கு இல்லை.

முடிவுரை

அரிசாகா ரைபிள் தன் வரலாற்றைத் தன் மேலேயே சுமந்துள்ளது. தஞ்சைப் படைக்கலத்தின் வரலாறோ பெரிதும் அதற்கு வெளியே, ஆவணங்களில் உள்ளது. ஆகவே சென்னை அருங்காட்சியகப் பதிவேடு, அயல்நாட்டுத் தொகுதிகளின் பட்டியல்கள், தஞ்சை மோடி ஆவணங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரே அட்டவணையாக்குதல் உடனடித் தேவையாகும். உலைக்குச் சென்ற இரும்பை மீட்க இயலாது. எஞ்சியவற்றுள் எவை உண்மையில் தஞ்சைக்குரியவை என்பதை அத்தகைய அட்டவணையைக் கொண்டே உறுதிப்படுத்த இயலும்.