அரவைக் காலத்தில் காலியாகும் வகுப்பறை

தசரா, தீபாவளியை ஒட்டி மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டக் கிராமங்கள் காலியாகத் தொடங்கும். லாரிகளிலும் டிராக்டர்களிலும் பானை சட்டி, போர்வை, ஆடு, கோழி எல்லாம் ஏறும், கூடவே குழந்தைகளும். கோலாப்பூர், சாங்லி, சதாரா, எல்லை தாண்டினால் கர்நாடகம் என்று சர்க்கரை ஆலைகள் அரவையைத் தொடங்கும் பருவம் அது. அடுத்த ஐந்தாறு மாதம் இவர்களுக்கு வீடு, வயலோரக் குடிசைதான்.

பள்ளிக்கூடமோ ஜூனில் திறக்கிறது. பிள்ளை நான்கு மாதம் வருகிறான். வகுத்தலை அரைகுறையாகக் கற்றுக்கொண்ட நிலையில் லாரி ஏறுகிறான். திரும்பும்போது வகுப்பு பின்னங்களைத் தாண்டிப் போயிருக்கிறது. வகுத்தல் பிடிபடாதவனுக்குப் பின்னம் எப்படிப் பிடிபடும்? அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

விசித்திரம் என்னவென்றால், வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் பத்திரமாக இருக்கும். பள்ளியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் அவனும் ஒருவன். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களையும் விதிக்கிறது. அந்த நாட்கள் பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைக்குக் கிடைப்பது அதில் பாதி.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது எளிது, நியாயம் அல்ல. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு 'கோய்தா'. அரிவாளுக்கான மராத்திச் சொல். கூலிக் கணக்கில் ஒரு ஜோடிக்கும் அதுவே பெயர். 'முகாதம்' எனப்படும் மேஸ்திரியிடம் பருவத்துக்கு முன்பே 'உசல்' என்ற முன்பணம் வாங்கியாகிவிட்டது. அது கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ போய்விட, வெட்டித்தான் கழிக்க வேண்டும். இருளோடு இருவரும் வயலுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? எட்டு வயது அக்காதான்.

வயது வந்த மகள் என்றால் கவலை வேறு. ஊரில் தனியே விட பயம், குடிசைக்கு அழைத்துப் போகவும் பயம். பல வீடுகளில் இதற்குக் கண்டுபிடிக்கும் தீர்வு கல்யாணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி பீட் மாவட்டத்தில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் 18 நிறையும் முன்பே மணமானவர்கள். பள்ளியை விட்டு நிற்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை.

வழிகள் இல்லாமல் இல்லை. கிராமத்திலேயே நடக்கும் பருவகால விடுதிகளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கும். தாத்தா பாட்டி துணைக்கு இருந்தால் போதும். 2021-ல் மாநில அரசு கரும்பு வெட்டுவோரின் பிள்ளைகளுக்கென்றே 82 விடுதிகளை அறிவித்தது. ஆனால் லாரி வாசலில் நிற்கும்போது விடுதியைத் தேடினால் நடக்காது. முன்பணம் பேசும் மழைக்காலத்திலேயே ஆசிரியரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். பாட்டி கையில் சோப்புக்கும் நோட்டுக்கும் கொஞ்சம் பணம், வாரம் ஒரு போன், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று ஆசிரியரிடம் ஒரு விசாரிப்பு: எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யக்கூடியவைதான் இவை.

அழைத்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஊர்ப் பள்ளியில் கல்வி உறுதி அட்டையைக் கேட்டு வாங்கலாம். அதைக் காட்டி, போகிற இடத்துப் பள்ளியில் சேர்க்கலாம். அட்டை இல்லாவிட்டாலும், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது சட்டம். கர்நாடகம் போகிறவர்களுக்கு இது பெரிதாக உதவாது. அங்கே பாடம் கன்னடத்தில். அந்தக் குடும்பங்களுக்கு விடுதியே மேல்.

மார்ச்சிலோ ஏப்ரலிலோ அரவை முடிந்து லாரிகள் ஊர் திரும்பும். ஆண்டுத் தேர்வு நடப்பதும் அதே ஏப்ரலில்தான்.