பூஜ்யத்தோடு முடிந்துபோன சோதனை

சி மொழியில் ஒரு சரத்தோடு அதன் நீளம் சேர்ந்து வருவதில்லை. எழுத்துகள் நினைவகத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும். மதிப்பு 0 உள்ள ஒரு பைட் வந்தால் சரம் முடிந்தது என்று கணினி எடுத்துக்கொள்ளும். 1970-களில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி அந்த மொழியை வடித்த காலத்து ஏற்பாடு இது.

இரண்டு சரங்களை, இத்தனை பைட் வரை போதும் என்று வரம்பிட்டு ஒப்பிட 'ஸ்டிர்என்கம்ப்' என்ற செயற்கூறு உண்டு. வெறும் பைட்டுகளை ஒப்பிட 'மெம்கம்ப்'. இரண்டுமே வேறுபாடு இல்லையென்றால் 0 என்று விடை தரும். சாதாரணச் சொற்களைக் கொடுத்துச் சோதித்தால், ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டிருப்பது தெரியவே தெரியாது. ஆனால் இருபுறமும் ஒரே இடத்தில் 0 வந்தால், ஸ்டிர்என்கம்ப் அங்கேயே நின்று 'இரண்டும் ஒன்றுதான்' என்றுவிடும். மெம்கம்ப்புக்கு 0 என்பதும் மற்றொரு எண்தான். மேலே போய்க்கொண்டே இருக்கும்.

2006-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'வீ' விளையாட்டுக் கருவியின் பூட்டு இந்த இடத்தில்தான் திறந்துகொண்டது. நிறுவனத்தின் மின்கையொப்பம் உள்ள நிரல்களை மட்டுமே வீ ஓட்டும். நிரலிலிருந்து ஷா-1 முறையில், அதன் கைரேகை போன்ற 20 பைட் ஹாஷ் ஒன்றைக் கணக்கிட்டு, கையொப்பத்திலிருந்து கிடைக்கும் ஹாஷுடன் ஒப்பிடும். அந்த ஒப்பீட்டுக்கு ஸ்டிர்என்கம்ப்பைப் போட்டிருந்தார்கள். ஹாஷில் இருப்பவை எழுத்துகள் அல்ல; அதன் முதல் பைட்டே 0 ஆக இருக்கலாம். இருபுறமும் அப்படி அமைந்தால் மீதி 19 பைட்டுகளை யாரும் பார்ப்பதில்லை!

கையொப்பம் முழுக்கப் பூஜ்யங்களை நிரப்பினால் என்ன ஆகும்? கையொப்பத்திலிருந்து ஹாஷை எடுக்கும் ஆர்எஸ்ஏ கணக்கு அதை ஓர் அடுக்குக்கு உயர்த்தி மீதி காணும்; பூஜ்யத்தை எத்தனை முறை பெருக்கினாலும் பூஜ்யம்தானே. ஆக ஒரு பக்கம் தயார். இனி, நிரலில் பயன்படாத ஒரு மூலையில் எண்களை மாற்றி மாற்றி, ஹாஷின் முதல் பைட் 0 ஆகும்வரை முயல வேண்டியதுதான். ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். சராசரியாக அத்தனை முயற்சி போதும். கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை. 20 பைட்டுகளும் பொருந்தியே ஆகவேண்டும் என்றால் அந்த எண்ணிக்கை 2-இன் 160-ஆம் அடுக்கு. ஒரு செயற்கூறின் பெயர் மாறியதில் இவ்வளவு பெரிய மதில் இடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. 2008-இல் இது வெளியே தெரிந்தபின், நின்டெண்டோ புதுப்பிப்பு அனுப்பி ஓட்டையை அடைத்தது.

மெம்கம்ப் போட்டிருந்தால் இந்த ஓட்டை இருந்திருக்காது. ஆனாலும் ரகசியங்களைச் சரிபார்க்க அதுவும் ஏற்றதல்ல. முதல் வேறுபாட்டைக் கண்டதும் அது நின்றுவிடலாம். எடுத்துக்கொண்ட நேரத்தை அளப்பவர், எத்தனை பைட் வரை தன் ஊகம் சரி என்று கணித்துவிடுவார். அதனால் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற குறியாக்க நூலகங்கள், வேறுபாடு எங்கே இருந்தாலும் கடைசி பைட் வரை படித்துவிட்டே விடை சொல்லும் தனிச் செயற்கூறு ஒன்றை வைத்திருக்கின்றன.