வைரசுத் தொற்றும் இதயத்தசை அழற்சியும்: கேஷான் நோய் உணர்த்தும் உண்மைகள்

நோயின் காரணம் யாது என்னும் வினா மருத்துவ ஆய்வாளர்க்கு மட்டும் உரியதாகாது. மனிதனது உடல் உழைக்கும் உடல், உண்ணும் உடல், குறிப்பிட்டதொரு சமூக அமைப்பினுள் வாழும் உடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைநாட்டப்பெற்ற நுண்ணுயிர்க் கோட்பாடு, நோய்பற்றிய மூடநம்பிக்கைகளைத் தகர்த்த பெருஞ் சாதனையாகும். ஆயினும், ‘ஒரு நோய்க்கு ஒரு கிருமி’ என அது சுருங்கியவிடத்து, அவ்வுடலின் வாழ்நிலை பார்வைக்கு அப்பாற்பட்டது. வைரசுக்களால் உண்டாகும் இதயத்தசை அழற்சி இக்குறைபாட்டைத் தெளிவாகக் காட்டும் சான்றாகும். அதனை இங்கு நோக்குவோம்.

இதயத்தசை அழற்சியுற்று, குருதியை உந்தும் ஆற்றல் குன்றும் நிலையையே இதயத்தசை அழற்சி என்பர். இதனை விளைக்கும் வைரசுக்கள் பல. அவற்றுள் நெடுங்காலம் ஆராயப்பெற்றது கொக்சாக்கி பி வகையாகும். 1948ஆம் ஆண்டு கில்பேட் டால்டோர்ப், கிறேஸ் சிக்கிள்ஸ் ஆகிய இருவரும் இளம்பிள்ளைவாதம் பற்றி ஆராய்கையிற் கொக்சாக்கி வைரசைக் கண்டறிந்தனர். நியூயோர்க் மாநிலத்துக் கொக்சாக்கி என்னும் ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. இவ்வைரசு இதயத்தசைக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகின்றது, அங்குப் பெருகுகின்றது, கலத்தின் உருவமைப்பைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதத்தைத் தனது நொதியத்தாற் பிளக்கின்றது. இஃது அழிவின் முதற் கட்டமாகும். தொற்றுற்ற கலங்களை ஒழிக்க முனையும் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி இதயத்தசைக்கும் ஊறு விளைத்தல் இரண்டாவது கட்டமாகும். பலர் நலம் பெறுவர். சிலரது இதயம் நாளடைவில் விரிந்து தளர்ந்துபோகும்.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. கொக்சாக்கி வைரசு தொற்றுவோர் பலர்; ஆயின் இதயம் பாதிக்கப்படுவோர் மிகச் சிலரே. வைரசு ஒன்றே முழுக் காரணமாயின் இவ்வேறுபாட்டை எவ்வாறு விளக்குவது? சீனாவின் கிராமங்களிற் பரவிய ஒரு நோயின் வரலாறு இதற்கு விடை தேட உதவுகின்றது.

வடகிழக்குச் சீனாவில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக் கேஷான் மாவட்டத்தில் 1935ஆம் ஆண்டு இதயத்தசை ஆங்காங்கே மடிந்து தழும்பாகும் நோயொன்று பரவியது. அம்மாவட்டத்தின் பெயராலேயே அது வழங்கலாயிற்று. வடகிழக்கிலிருந்து தென்மேற்குவரை நீண்டு கிடக்கும் ஒரு நிலப்பரப்பு முழுவதிலும் அந்நோய் காணப்பட்டது. அந்நிலத்து மண்ணிற் செலீனியம் என்னும் கனிமம் மிகக் குறைவு. நோய்க்கு இரையானோருட் பெரும்பாலோர் விவசாயக் குடும்பங்களின் சிறுவரும் மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களுமாவர். தமது நிலத்து விளைந்த தானியத்தையன்றிப் பிறிதொன்றைப் பெரிதும் உண்ண வகையற்றோர் இவர்கள். அதே வட்டாரத்தில் வாழ்ந்தும் வெளியிடங்களிலிருந்து உணவு பெற்ற குடும்பங்களை நோய் பெரும்பாலும் அணுகவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மண்ணின் குறைபாடு இயற்கையானது. அம்மண்ணின் விளைவை மட்டுமே உண்ணவேண்டிய நிலை சமூக வாழ்வின்பாற்பட்டது.

தென்மேற்கிலுள்ள சிச்சுவான் மாகாணத்தில் 1974ஆம் ஆண்டு ஒரு பெரும் பரிசோதனை தொடங்கப்பெற்றது. ஒன்று முதல் ஒன்பது வயது வரையிலான சிறுவருள் ஒரு சாராருக்குக் கிழமைதோறும் சோடியம் செலனைற்று மாத்திரை வழங்கப்பட்டது. அவ்வாண்டில் மாத்திரை பெற்ற 4,510 பேருள் 10 பேரே நோயுற்றனர்; பெறாத 3,985 பேருள் 54 பேர் நோயுற்றனர். பயன் வெளிப்படையாகவே, 1976ஆம் ஆண்டு முதல் அனைவருக்கும் மாத்திரை வழங்கலாயினர்.

எனினும் செலீனியக் குறைபாடு மட்டும் நோயை முற்றாக விளக்கவில்லை. மண் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையதாயிருக்க, நோயோ பருவத்துக்குப் பருவம், ஆண்டுக்கு ஆண்டு ஏறியும் இறங்கியும் வந்தது. தொற்றொன்றும் உடன் செயற்படுகின்றது என்னும் ஐயத்தை இது தோற்றுவித்தது. நோயாளரிடமிருந்து கொக்சாக்கி வைரசுக்கள் பிரித்தெடுக்கப்பட்டமை அவ்வையத்தை வலுப்படுத்தியது.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் மெலின்டா பெக்கும் அவர்தம் குழுவினரும் சுண்டெலிகளில் நடத்திய ஆய்வுகள் விளக்கத்தை மேலும் முன்னெடுத்துச் சென்றன. இதயத்துக்கு ஊறு செய்யாத கொக்சாக்கி வைரசொன்றைச் செலீனியம் குறைந்த உணவுண்ட எலிகளுக்கு ஏற்றியபொழுது, அவற்றின் இதயத்தசை அழற்சியுற்றது. அவ்வெலிகளிலிருந்து எடுத்த வைரசை நல்லுணவுண்ட எலிகளுக்கு ஏற்றியபொழுது அவையும் நோயுற்றன. 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, வைரசின் பரம்பரைப் பதார்த்தத்தில் ஆறு இடங்களில் விகாரம் நிகழ்ந்திருந்தது. செலீனியத்தை உறுப்பாகக் கொண்ட குளுற்றாதயோன் பெரொட்சிடேசு என்னும் நொதியம் கலங்களை ஒட்சியேற்றச் சிதைவினின்றும் காப்பது. அக்காப்புக் குன்றிய உடலில் வைரசே தன்மை மாறுகின்றது.

இதன் உட்பொருள் ஆழமானது. மந்தபோசணை உடலைப் பலவீனமாக்கி நோய்க்கு இடமளிக்கும் என்பதை நாம் முன்பே அறிவோம். இவ்வாய்வோ, அது நோய்க்கிருமியையும் மாற்றவல்லது என்பதைக் காட்டுகின்றது. விருந்துவழங்கியும் வைரசும் ஒன்றையொன்று மாற்றும் இயங்கியல் உறவிலுள்ளன. எலிகளிற் கண்ட விகாரம் மனிதரிடத்தும் அவ்வாறே நிகழ்கின்றது என இதனைக்கொண்டு மட்டும் முடிவுகட்டுதல் பொருந்தாது. வைரசுசார் இதயத்தசை அழற்சி அனைத்தையும் வறுமையின் கணக்கில் எழுதுவதும் இயந்திரப் பாங்கான நோக்கேயாகும். நல்லுணவு உண்போரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

ஆயினும் ஓர் உண்மையை வலியுறுத்தலாம். 1848ஆம் ஆண்டு மேற் சைலீசியாவிற் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்த றுடோல்ப் விர்ச்சோ, அதற்குப் பரிகாரமாக மருந்தைமட்டும் வேண்டினாரல்லர். கல்வியையும் உரிமையையும் நல்வாழ்வையும் வேண்டினார். கேஷான் கிராமங்களின் வரலாறு அக்கருத்துக்கு ஆய்வுகூடச் சான்றொன்றைச் சேர்க்கின்றது. வறியவனது உடலில் வன்மை பெறும் வைரசு வறியவனோடு நின்றுவிடும் என்பதற்கு யாதோர் உறுதியுமில்லை. ஆதலின் அனைவர்க்கும் போதிய, பலவகைப்பட்ட உணவு கிடைக்கச் செய்தலைக் கருணைச் செயலாக மட்டும் கருதலாகாது. அது முழுச் சமூகத்தினதும் நோய்த்தடுப்பு ஏற்பாடாகும் என்பதே எமது முடிபு.